இரும்பில்லாத பம்பு

என் அண்ணிக்கு என்னைப் பிடிக்காது. அதை மூடி மறைக்கும் பழக்கமும் அவளுக்குக் கிடையாது. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டாள். "ஆபீஸ்." காலையில் குளியலறைக் கதவைத் தட்டும்போது, "ஆபீஸ், உள்ள உக்காந்து ஃபைல் பாக்குறியா?" சாப்பாட்டு வேளையில், "ஆபீஸுக்கு இன்னொரு கரண்டி வைங்க அத்தை. நாள் பூரா நாற்காலியில உக்காந்து களைச்சுப் போயிருக்கும்."

உண்மையில் அவள் எனக்கு அண்ணி ஆவதற்கு முன்பே எனக்கும் அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோம். கைக்குழந்தைகளுக்கான உடுப்புகள் தைக்கும் தொழிற்சாலை. அவள் கீழே பேக்கிங் பகுதிக்கு இன்சார்ஜ். நான் மாடியில், ஆட்களின் வருகையும் விடுப்பும் பார்க்கும் அலுவலகத்தில் கடைசி மேசை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அந்தப் பட்டத்தை வைத்து என்ன செய்வதென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். அம்மா அதைப் பீரோவில் போர்வைகளுக்கு அடியில் பத்திரமாகப் படுக்க வைத்திருக்கிறாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பேக்கிங் பகுதிக்கு என்னை அனுப்பினார்கள். கதவருகே ஒல்லியாக, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒருத்தி நின்றாள். கழுத்தில் ஒரு கயிறு, அதன் நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு காந்தம். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தலையில என்னது?"

"கிளிப்."

"தட்டுல போடு."

"நான் மாடியில இருந்து வரேன்."

"மாடியில இருந்து வந்தா இரும்பு பஞ்சாயிடுமா? தட்டுல போடு."

மடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். தலை அவிழ்ந்து விழ, நான் உள்ளே போய் வந்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து, சரக்கு வண்டி ஓட்டும் என் அண்ணன், பெட்டி ஏற்றப் போன இடத்தில் ஒரு பெண்ணைப் பார்த்திருப்பதாக வீட்டில் வந்து சொன்னான். எந்தப் பெண் என்று கேட்டேன். "கழுத்துல காந்தம் மாட்டியிருக்குமே, அது," என்றான். ஒட்டிக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்லவேண்டும். தைத்து முடித்த உடுப்புகள் ஒரு பெல்ட்டில் ஏறி, டிடெக்டர் என்கிற மிஷினுக்குள் நுழையும். உடைந்த ஊசியின் நுனி எங்காவது தையலில் மாட்டியிருந்தால் மிஷின் கூவும், பெல்ட் நின்றுவிடும். மிஷினைத் தாண்டினால் பேக்கிங். அங்கே இரும்பு எதுவும் போகக்கூடாது. ஊக்கு, சாவி, கொண்டை ஊசி எல்லாம் கதவருகே உள்ள தட்டில் விழவேண்டும். குழந்தையின் உடம்பில் ஊசி ஏறினால் தொழிற்சாலையையே மூடவேண்டியதுதான்.

அண்ணி நூல் பிசிறு வெட்டும் வேலையில் சேர்ந்து, தையலுக்குப் போய், எட்டு வருடம் கழித்து அந்தக் கதவுக்கு வந்தவள். காந்தம் தையல் பகுதியில் தரையில் விழும் ஊசித் துண்டுகளைப் பொறுக்கக் கொடுத்தது. பதவி உயர்ந்த பிறகும் அதைக் கழற்றவில்லை. கதவுக்கு வெளியே ஓர் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போவாள், வெளியே வந்ததும் மாட்டிக்கொள்வாள். ஒருமுறை அரைத் துண்டு ஊசி கிடைக்காமல் போனபோது, வண்டியில் ஏற்றிய பெட்டிகளை எல்லாம் இறக்கவைத்துப் பிரித்தாள். வண்டிக்காரர்கள் திட்டினார்கள், மேனேஜர் மேடம் கெஞ்சினார். கடைசியில் ஒரு காலுறையின் மடிப்பில் அது இருந்தது. அதற்குப் பிறகுதான் இன்சார்ஜ் நாற்காலி அவளுக்கு வந்தது. நாற்காலி என்று பெயர்தான். அவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அவள் யாருக்கும் விலக்குக் கொடுத்ததில்லை. அதுதான் பிறகு வினையாக வந்தது.

குழந்தை பெற்றுத் திரும்பிய ஒரு மடிப்புக்காரி ஒருநாள் பையில் பால் பம்பு கொண்டுவந்தாள். மோட்டார் வைத்தது. நான் வருகை சரிபார்க்கக் கீழே போயிருந்தேன்.

"உள்ள இருக்கற அட்டைப்பெட்டி ரூம்ல ஓரமா உக்காந்து எடுத்துக்கறேங்க்கா. யாரு கண்ணுலயும் படாது."

"தட்டுல போடு."

"இதைத் தட்டுல போட்டுட்டு உள்ள போய் நான் என்ன பண்றது?"

"அதை நீதான் யோசிக்கணும். உன் பிள்ளைக்கு ஒரு சட்டம், ஊரான் பிள்ளைக்கு ஒரு சட்டமா?"

முற்றத்தைக் கடந்து, முன் கட்டடத்தில், உடம்பு முடியாதவர்கள் படுக்கும் சிக் ரூம் இருக்கிறது. மடிப்புக்காரி அங்கே போய்ப் பால் எடுத்துத் திரும்புவதற்குள் அவள் மேசையில் துணி மலையாகக் குவிந்துவிடும். பக்கத்து மேசைக்காரிகள் முணுமுணுத்தார்கள். கொஞ்ச நாளில் அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அண்ணி உண்டானதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. தைத்த உடுப்புகளைச் சரிபார்க்கும் செக்கர் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். அண்ணிக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தும் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டவர். அவர் சாப்பாட்டு மேசையில் சத்தமாகவே கேட்டார், "ஏன்டி, உன் பம்பைத் தட்டுல போடுவியா, தலையில போடுவியா?"

மேடம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதற்கு முன் அவர் என்னை உட்காரச் சொன்னதே இல்லை.

"உங்க அண்ணி லீவு முடிஞ்சு வந்ததும் முன் கட்டடத்துல ஸ்டோரைப் பாத்துக்கட்டும். சிக் ரூம் பக்கத்துலயே இருக்கு, வசதி. கதவை செக்கர் பாத்துப்பாங்க. இன்சார்ஜ் அத்தனை நேரம் கதவை விட்டுட்டுப் போக முடியாது பாரு. நீ வீட்டுல பக்குவமா சொல்லிடு. படிச்ச பொண்ணு, உனக்குச் சொல்லத் தெரியும்."

எனக்கு அது பெருமையாக இருந்தது. ஏன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஒருவரை நாற்காலியிலிருந்து இறக்கும் வேலையைக் கொடுத்தால்கூட, "படிச்ச பொண்ணு" என்று சொல்லிக் கொடுத்தால் குளிர்ந்துபோகிறது மனசு.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி வெந்நீர் வாளிக்குள் கால்களை வைத்து உட்கார்ந்திருந்தாள். வீக்கம் கணுக்காலைத் தாண்டிவிட்டது. பக்குவமாகத்தான் சொன்னேன். அவள் வாளியிலிருந்து ஒரு காலை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"இது மேடம் சொன்னதா, நீ சொல்றதா?"

"மேடம்தான். ஆனா உங்களுக்கும் அதுதான் நல்லதுன்னு..."

"எனக்கு நல்லது கெட்டது பாக்க உன்னை யாரு வச்சா? ஸ்டோர்ல பட்டன் எண்ணிக்கிட்டு உக்காரவா நான் எட்டு வருஷம் நின்னேன்?"

"எதுக்கு வேலைக்கே போகணும்?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "பிள்ளையைப் பெத்தா மடியில போட்டுப் பால் குடு. மெஷின் வச்சுக் கறக்கறதுக்கு நீ என்ன மாடா?"

"நீங்க என்னத்த பண்ணீங்க அத்தை? இவ பொறந்தப்ப வீட்டு வேலைக்குப் போகலையா?"

"போனேன். மாரு கட்டிக்கிட்டு வலிக்கும். அந்த வீட்டுக் குளியல் ரூம்ல நின்னு பிழிஞ்சு ஊத்திட்டு வந்து பாத்திரம் கழுவினேன். செத்தா போயிட்டேன்?"

"பிழிஞ்சு ஊத்தின பாலை இவளுக்குக் குடுத்திருந்தா கொஞ்சம் புத்தி வளந்திருக்கும்," என்றாள் அண்ணி.

அண்ணன் எழுந்து வண்டியைக் கழுவப் போனான். அன்று காலையில்தான் கழுவியிருந்தான்.

பிறகு இரண்டு நாள் அண்ணி என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "ஆபீஸ், கிளம்பு. பம்பு வாங்கணும். டப்பாவுல எழுதியிருக்கறதைப் படிக்க ஒரு ஆள் வேணும்," என்றாள்.

நான் ஏற்கெனவே படித்திருந்தேன். அவளுக்குத் தெரியாமல், போனில், தேடித் தேடிப் படித்திருந்தேன். எதற்காக என்று கேட்டால் சரியான பதில் இல்லை. ஒருவேளை அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதற்காக. வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு மோட்டார் வைத்ததுதான் நல்லது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கலாம், கை வலிக்காது, நேரம் பாதியாகும். மார்பில் வைக்கும் புனலின் அளவு பொருந்தாவிட்டால் புண்ணாகும், பிரசவத்துக்குப் பிறகு அந்த அளவே மாறலாம், அதனால் இப்போதே வாங்க அவசரப்படவேண்டாம். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கடைக்காரர் குழந்தை வண்டிகளுக்கு நடுவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்ன மோட்டார் பம்பை எடுத்து வைத்தார். அண்ணி சட்டைக்குள்ளிருந்து காந்தத்தை உருவி டப்பாவின் மேல் வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"இது வேணாம்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"என்னம்மா பண்றீங்க?"

"இரும்பு இல்லாதது வேணும்."

"பால் பம்புல இரும்பு இருந்தா என்ன, தங்கம் இருந்தா என்ன? பால் வந்தா சரிதானே?"

"எனக்குச் சரியில்ல. அடுத்ததை எடுங்க."

கையால் அமுக்கும் பம்பு ஒன்று வந்தது. டப்பாவின் மேல் காந்தம் சும்மா கிடந்தது. அண்ணிக்கு அது போதவில்லை. "திறங்க," என்றாள்.

"திறந்தா எடுத்துக்கணும். வாயில மாருல வைக்கற பொருள். திறந்ததை நான் யாருக்கு விக்கறது?"

"நான் வைக்கப்போறது காந்தத்தை. மாரை இல்ல."

அங்கே தொட்டில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி வெளியே நடந்துவிட்டார்கள். நான், "அண்ணி, வாங்க போலாம்," என்றேன். அவள் அதற்குள் நகத்தால் டப்பாவைக் கிழித்துவிட்டாள். கைப்பிடியை வெளியே எடுத்துக் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனாள். கைப்பிடி மெல்ல அசைந்து காந்தத்தின் பக்கம் திரும்பியது. உள்ளே ஒரு ஸ்பிரிங்.

"பாத்தீங்களா," என்றாள் கடைக்காரரிடம், ஏதோ அவர்தான் ஒளித்துவைத்ததுபோல.

"இதுக்குக் காசு குடுத்துட்டுத்தான் போவீங்க."

"குடுக்கறேன். உள்ள வேற என்ன வச்சிருக்கீங்க?"

சிலிகானில் ஒரே துண்டாகச் செய்த ஒன்றைத் தூக்கிப் போட்டார். காந்தம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நான் இடையில் புகுந்தேன். "அண்ணி, இது தானா ஒழுகறதைப் பிடிக்கறதுக்குத்தான். நாள் பூரா வேலைக்குப் போறவங்களுக்கு இது மட்டும் பத்தாது. பால் குறைஞ்சுடும்." அவள் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். "நெசமாவா?" என்றாள். "நெசமாத்தான்." அதைத் திருப்பி வைத்தாள்.

கதவைத் தாண்டுவது வேலைக்கு ஆகவில்லை. வேலைக்கு ஆவது கதவைத் தாண்டவில்லை. கடைக்காரர் கோபத்தோடு மேல்தட்டைக் குடைந்து, தூசி படிந்த ஒரு டப்பாவை இறக்கினார். அதுவும் கைப்பம்புதான். விலை மலிவாக இருப்பதால் நம்பி யாரும் வாங்குவதில்லையாம். நெம்புகோல் பிளாஸ்டிக்; ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒரு சிலிகான் மூடி உள்ளே போய் வெளியே வந்தது. வேறு வேறு அளவில் இரண்டு புனல்கள். அண்ணி கேட்காமலே டப்பாவைப் பிரித்து ஒவ்வொரு துண்டாகக் காந்தத்தோடு தேய்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நெம்புகோலைப் பிடித்து வேகவேகமாக அமுக்கிப் பார்த்தாள், கத்தரியால் பிசிறு வெட்டுவதைப் போல.

"கை வலிக்கும்," என்றேன்.

"எட்டு வருஷமா இந்தக் கை வேற என்ன பண்ணுச்சு?"

கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் திணித்து, திறந்த பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று ரசீதில் எழுதி, பையோடு சேர்த்து ஸ்டேப்ளரால் ஓங்கி அடித்தார். அந்த அடியில் மேசை குலுங்கியது.

வீட்டில் அம்மா அந்த ரசீதைப் பிய்த்து எடுத்து அண்ணனிடம் காட்டினாள். "ரெண்டு வாங்கியிருக்கா. ஒண்ணு உடைஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும்னு. குடும்பத்தையே கறக்கப் போறா." அண்ணன் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவன் அப்படித்தான், அவன் பேசாத பேச்சுக்கெல்லாம் வீட்டில் மற்றவர்கள் பேசவேண்டியிருக்கிறது.

லீவில் போவதற்கு முந்தின நாள், அண்ணி பம்பை அந்தப் பையோடு தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தாள். இடைவேளை மணி அடித்ததும் மேடத்தைக் கீழே வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். கூடவே மாடி முழுக்க இறங்கி வந்தது. தையல் பகுதியும் கூடிவிட்டது. செக்கர் அக்கா பெல்ட்டின் முனையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இதுல இரும்பு கிடையாது," என்றாள் அண்ணி. "மிஷினே சொல்லட்டும். கூவலேன்னா நான் அட்டைப்பெட்டி ரூம்ல எடுத்துக்கறேன். கதவைவிட்டு நகரமாட்டேன். நாற்காலி எனக்கு."

"சரி, போடுங்க," என்றார் மேடம்.

பை பெல்ட்டில் ஏறி உள்ளே நுழைந்தது. மிஷின் கூவியது. பெல்ட் நின்றது.

முதலில் யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும். அன்று என் கிளிப்புக்குச் சிரித்த அதே சிரிப்பு. எனக்கு இனித்திருக்கவேண்டும். இனிக்கவில்லை. ஏன் இனிக்கவில்லை என்பதும் எனக்கு விளங்கவில்லை.

"கூவிடுச்சுடி உன் மிஷின்," என்றார் செக்கர் அக்கா. "தட்டுல போடு."

அண்ணி வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து பையை எடுத்தாள். யாரையும் பார்க்கவில்லை. மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பம்பைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்தாள். ஆணியிலிருந்து காந்தத்தை எடுத்து வந்து ஒவ்வொரு துண்டின் மேலும் ஓட்டினாள். ஒன்றும் இல்லை. சிரிப்பு அடங்கிவிட்டது; ஊசி தேடும்போது யாரும் பேசக்கூடாது என்பது அங்கே பழகிப்போன வழக்கம். கடைசியில் வெறும் பையை எடுத்துத் தடவினாள். வாய்ப்பகுதி மடிப்பில் காந்தம் நின்றது. அம்மா ரசீதைப் பிய்த்தபோது உடைந்த ஸ்டேப்ளர் பின்னின் பாதி அங்கேயே மாட்டியிருந்தது.

அதை எடுத்து, உடைந்த ஊசிகளை ஒட்டுவதுபோலவே ஒட்டுநாடாவில் ஒட்டி, மேடத்தின் கையில் கொடுத்தாள். பம்பை மட்டும் பெல்ட்டில் வைத்தாள். சத்தமில்லாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. புரட்டி வைத்தாள். குறுக்கே வைத்தாள். சந்தேகப்பட்ட உடுப்பை அப்படித்தான் மூன்று விதமாக விடுவார்கள். மிஷின் வாய் திறக்கவில்லை.

"சரி, நீங்க திரும்பி வாங்க, பாக்கலாம்," என்றார் மேடம்.

"பாக்கலாம்னு இல்ல மேடம். எல்லாரும் இருக்காங்க. சொல்லிட்டுப் போங்க."

மேடம் சுற்றிலும் பார்த்தார். "உங்க இடம் உங்களுக்குத்தான்."

கூட்டம் கலைந்தது. செக்கர் அக்கா மட்டும் நகரவில்லை. "இரும்பில்லாத பம்பு ஒண்ணு உலகத்துல இருக்குன்னு அந்த மடிப்புக்காரி வந்தப்ப உனக்குத் தெரியலையா?"

அண்ணி பம்பை மறுபடி பூட்டிக்கொண்டிருந்தாள். நெம்புகோல் ஒரே தடவையில் பொருந்தவில்லை.

"அப்ப நான் தேடல," என்றாள்.

கொஞ்சம் கழித்து என் பக்கம் திரும்பினாள். "ஆபீஸ். அவ வீட்டு விலாசம் உங்க மாடியில இருக்கும்ல? போய்ப் பாரு. இடம் இருக்கு, வரலாம்னு சொல்லு."

"நீங்களே போகலாமே."

"நான் போனா அவ பேசமாட்டா. நீயாவது வாங்கிக் கட்டிக்கிட்டு வருவே."

மாலையில் போனேன். மடிப்புக்காரி இப்போது வீட்டின் முன்னறையிலேயே துணி இஸ்திரி போட்டுக் கொடுக்கிறாள். அவள் குழந்தை தரையில் உட்கார்ந்து ஒரு மூடியைக் கடித்துக்கொண்டிருந்தது. வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் பெட்டியை நிறுத்தவில்லை.

"பால் வத்தி எவ்வளவோ நாளாச்சு. இப்ப எந்தப் பம்பு வந்து எனக்கு என்ன?"

"வேலைக்காவது..."

"தன் வயித்துல வந்ததும் கண்ணு தெறந்துச்சாக்கும். இதை அப்படியே அவகிட்ட சொல்லு." ஒரு சட்டையின் கையை நீவி மடித்தாள். எனக்குத் தெரிந்தவரை அவ்வளவு நேராக யாரும் மடிப்பதில்லை. "நீ யாரு, அவ நாத்தனாரா? உனக்கும் அதே மூஞ்சி. வழியை விடு, வெளிச்சம் மறைக்குது."

மறுநாள் லீவு என்றாலும் அண்ணி காலையில் ஒரு மணி நேரம் தொழிற்சாலைக்கு வந்திருந்தாள், கதவை ஒப்படைக்க. செக்கர் அக்காவிடம் தட்டைக் காட்டி எதையோ அதட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அட்டைப்பெட்டி அறையின் கொக்கியில், ஒளி ஊடுருவும் புதுப் பையில், பம்பு தொங்கியது. பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. பம்பு முதலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

நான் கதவுக்கு வெளியே நின்று மடிப்புக்காரி சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். கூட்டிச் சொல்லவும் ஆசையாக இருந்தது. கூட்டவில்லை.

அண்ணி கேட்டுக்கொண்டாள். கழுத்தில் காந்தம் இல்லாத இடத்தைக் கை தேடிவிட்டு இறங்கியது.

"சரியாத்தான் சொல்லியிருக்கா," என்றாள்.

ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றி, நான் ஓர் அடி உள்ளே எடுத்து வைத்தேன்.

"கிளிப்," என்றாள் அண்ணி, தட்டைக் காட்டி.